ஈர வயல் வேண்டாம்

அன்புள்ள தம்பிக்கு,

தரையில் இரண்டு கம்பி ஊன்றிச் செய்தி அனுப்பிப் பார்க்கப்போகிறாய் என்றறிந்து மகிழ்ச்சி. ஆனால் "ஈர வயல்தான் நன்றாகக் கடத்தும், அங்கேயே ஊன்றலாமா?" என்று கேட்டிருக்கிறாயே, அதுதான் உறுத்துகிறது. எர்த் குழிக்கு உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றும் எலக்ட்ரீஷியனின் பாடத்தை எல்லாரும் அப்படியே இங்கே கொண்டுவந்துவிடுகிறார்கள். அங்கே மின்சாரம் மண்ணோடு தொலைந்தால் நல்லது. உனக்குத் தொலையக் கூடாது.

செய்தியைக் கேட்பவனும் தன் பக்கம் இரு கம்பி ஊன்றுவான். அவற்றுக்கு இடையே கிடைப்பது மின்னழுத்த வேறுபாடு. அதே மின்னோட்டத்துக்கு, மண்ணின் தடை கூடினால் அதுவும் கூடும். மாறுமின்னோட்டம் ஆழமாக இறங்குவதும் மோசமான கடத்தியில்தான். ஆகவே மின்னோட்டம் எளிதாக மண்ணில் இறங்கக் கம்பியின் அடியை மட்டும் நனை. சுற்றுநிலம் காய்ந்தே கிடக்கட்டும்.

நம்பிக்கை வரவில்லையா? அமெரிக்கக் கடற்படையைப் பார். நீர்மூழ்கிகளுக்கு 76 ஹெர்ட்ஸில் செய்தி அனுப்ப அவர்கள் தேர்ந்தெடுத்தது கடற்கரையை அல்ல. கடலைவிட்டு வெகுதூரம் உள்ளே, விஸ்கான்சினில் கிளாம் லேக், மிச்சிகனில் ரிபப்ளிக். காரணம், அடியில் கிடக்கும் தொன்மையான பாறை மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. கம்பங்களில் பல கிலோமீட்டர் கம்பி இழுத்து, இரு முனைகளையும் தரையில் இறக்கினார்கள். மின்னோட்டம் பாறைக்குள் ஆழமாகச் சுற்றித் திரும்பியது. கம்பியும் பாறையும் சேர்ந்து ஒரே பெரிய வளையம்! மெகாவாட் கணக்கில் ஊட்டியும் அலையாக வெளியேறியது சில வாட்தான். ஆனாலும் கடலுக்கடியில் கேட்டது. 2004-இல் மூடிவிட்டார்கள். எனக்கு இன்னும் வருத்தம்.

உன் சோதனையில் அலைக்குக் கணக்கே இல்லை. தூரம் இரட்டித்தால் சமிக்ஞை எட்டில் ஒரு பங்காகிவிடும். ஊர்விட்டு ஊர் பேசக் கனவு காணாதே. கொஞ்சமாவது தூரம் எட்ட, இரு பக்கமும் கம்பிகளின் இடைவெளியை நீட்டு. 1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியதும் அங்குள்ள அமெச்சூர் வானொலிக்காரர்கள் ஒலிபரப்பக் கூடாதென்று தடை வந்தது. அப்போது சிலர் நாடியது இந்தத் தரைவழியைத்தான்.

முதல் உலகப் போரில், எதிரியின் பதுங்குகுழித் தொலைபேசியைத் தரைவழி ஒட்டுக்கேட்ட ஜெர்மானிய இயற்பியலாளர் பார்க்ஹவுசனின் காதில் விசித்திரமான விசில் ஒலிகள் விழுந்தன. மின்னலில் பிறந்தவை அவை என்பது பிற்பாடுதான் தெளிவானது. ஆனால் உனக்கு முதலில் கேட்கப்போவது மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் முனகல். அதன் மடங்குகளுக்கு நடுவே ஓர் அதிர்வெண்ணாகத் தேர்ந்தெடு. 1000 வேண்டாம், 1025 வை.

சுவர் பிளக்கிலிருந்து மின்சாரத்தை நேரே கம்பிக்கு எடுத்துவிடாதே. நீ கம்பி ஊன்றுவது மாடு மேயும் நிலம். இடைவெளி, மண், தூரம் மூன்றையும் குறித்து எனக்கு எழுது.