ஸ்டென்ட் வைத்தவர் வீட்டில் இருக்கிறாரா?

1. ஸ்டென்ட் என்பது இதய ரத்தக்குழாயில் அடைப்பை விலக்கி வைக்கும் சின்ன வலைக்குழாய். அதன் கம்பிகளை உடம்பின் சொந்தச் சவ்வு மூடப் பல மாதங்கள் ஆகும். அதுவரை கம்பியில் ரத்தம் உறையாமல் காப்பவை ஆஸ்பிரினும், அதோடு தரும் க்ளோபிடோக்ரெல் போன்ற இரண்டாவது மாத்திரையும். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பொதுவாக ஓராண்டு வரை இரண்டும் உண்டு. அதன் பிறகும் ஒன்று தொடரும். "இப்பத்தான் வலியே இல்லையே" என்று தாமாக நிறுத்திவிடுவதுதான் பெரிய ஆபத்து. ஸ்டென்ட் திடீரென அடைத்துக்கொண்டால் உயிருக்கே உலை.

2. மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே வாங்கி வையுங்கள்.

3. நார்த்தாமலை பங்குனித் திருவிழாவுக்கு விரதம் இருந்தாலும், அன்றைய மாத்திரை அன்றே உள்ளே போக வேண்டும். அம்மன் கோபிக்க மாட்டாள்.

4. பல் பிடுங்கப் போனால் ஸ்டென்ட் இருப்பதை முதலில் சொல்லுங்கள். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக், புரூஃபன் கேட்டு வாங்க வேண்டாம். வயிற்றில் ரத்தம் கசியலாம். மலம் தார் போலக் கறுத்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

5. ஆடி வந்தால் கீரமங்கலம், வடகாடு பக்கம் மொய் விருந்துதான். வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்யாமல் இருக்க முடியாது. போய் எழுதிவிட்டு வரட்டும். இலையில் கறிக்கொழுப்பையும் குழம்பில் மிதக்கும் எண்ணெயையும் ஒதுக்கச் சொல்லுங்கள். வீட்டில் ஜெகதாப்பட்டினத்து மீனை எண்ணெய் குறைத்துக் குழம்பு வையுங்கள். கருவாட்டில் உப்பு அதிகம், வேண்டாம்.

6. பீடி, சிகரெட் ஒன்றுகூடக் கூடாது.

7. மருத்துவர் சரி என்றதும் நடைப்பயிற்சியைத் தொடங்கலாம்: முதலில் பத்து நிமிடம், போகப் போக அரை மணி. 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் நம் புதுக்கோட்டை மாவட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். அவர்களுக்கு இப்போது மாரடைப்பு வரக்கூடிய வயது. அன்று ஊரே பார்க்க சைக்கிள் மிதித்த அம்மாவை, "ஸ்டென்ட் வச்ச உடம்பு" என்று மூலையில் உட்கார வைத்துவிடாதீர்கள். அவர் நடக்கட்டும், கூடத் துணைக்கு நீங்களும் போங்கள்.

8. நெஞ்சு மறுபடி அழுத்தினால் வாயு என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும் வியர்வையும் மட்டும் வரலாம். உட்கார வைத்து, மருத்துவர் ஏற்கெனவே தந்திருந்தால் நாக்கடி மாத்திரை கொடுத்து, உடனே 108-ஐ அழையுங்கள். 'இதயம் காப்போம்' திட்டத்தில் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கு முதல் மருந்து கிடைக்கிறது. ஸ்டென்ட் எப்போது வைத்தது, என்னென்ன மாத்திரை போகிறது என்று அங்கே கேட்பார்கள். டிஸ்சார்ஜ் சீட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு வாசல் ஆணியில் மாட்டுங்கள். வீட்டில் எல்லார் செல்போனிலும் அதன் படம் இருக்கட்டும்.