பொதுச் சொத்தும் பொதுக் கடனும்

சங்கத்தின் சொத்து எவருடையது என்று கூட்டத்தில் கேட்டால், "நம் எல்லோருடையதும்" என்று அங்கத்தினர்கள் உடனே விடை கூறுவர். விடை சரியே, ஆயினும் அதன் மறுபாதியையும் நாம் அறிதல் வேண்டும். இதற்கு அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரக் கலைக்கூடத்தின் வரலாறு நல்லதொரு பாடமாகும்.

1885-இல் தோன்றிய அக்கூடம் 1919-இல் நகராட்சியின் உடைமையாயிற்று. மோட்டார்த் தொழில் செழித்திருந்த நாட்களில் நகராட்சி தன் பணத்தைக் கொண்டே ஓவியங்களை வாங்கிற்று. வான்கோ தம்மையே வரைந்த ஓவியம் 1922-இல் வந்தது. குடியானவர்கள் திருமணத்தில் கூடி ஆடுவதைப் பீட்டர் புரூகல் தீட்டிய ஓவியம் 1930-இல் வந்தது. தியேகோ ரிவேரா என்னும் மெக்சிக ஓவியர் 1932-33-இல் தொழிற்சாலை உழைப்பாளிகளை 27 சுவர்ச்சித்திரங்களில் அங்கே வரைந்தார்.

காலம் மாறியது. தொழில் நலிந்தது, குடிகள் வெளியேறினர், வரி வருவாய் சுருங்கிற்று. ஏறக்குறைய 1,800 கோடி டாலர் கடனுடன் 2013 ஜூலையில் நகராட்சி திவால் மனுக் கொடுத்தது. கடன் கொடுத்தோரின் பார்வை ஓவியங்கள்மீது விழுந்தது. நகராட்சிப் பணத்தால் வாங்கியவை மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்தளவே. எனினும் அவற்றின் மதிப்பு 45 கோடி முதல் 87 கோடி டாலர் வரை எனக் கணிக்கப்பட்டது.

விற்றுவிடலாகாதா எனின், அவை தலைமுறைகளின் செல்வம். விற்காதிருக்கலாமா எனின், ஓய்வுபெற்ற ஊழியரின் ஓய்வூதியம் ஆபத்திலிருந்தது. இரு பக்கமும் நியாயம் உண்டு.

2014-இல் வழி பிறந்தது. அறநிலையங்களும் மாநில அரசும் கலைக்கூடமும் சேர்ந்து, 20 ஆண்டுகளில் 80 கோடி டாலருக்கு மேல் ஓய்வூதிய நிதிக்கு அளிக்க இசைந்தன. அதற்கு ஈடாக ஓவியங்களின் உரிமை, இலாபம் கருதாத ஓர் அமைப்பிற்கு மாற்றப்பட்டது. ஓர் ஓவியமும் விற்கப்படவில்லை. ஆனால் பொது ஊழியரின் ஓய்வூதியத்தில் நூற்றுக்கு 4.5 வெட்டு விழுந்தது.

நண்பர்களே, எவர் பெயரில் சொத்து உள்ளதோ, அவர் கடனுக்கும் அதுவே பொறுப்பாகும். சங்கத்தின் கிடங்கும் தறிக்கூடமும் நம்முடையவை எனில், நூல் கொள்முதலுக்கு வாங்கிய கடனும் நம்முடையதே. தவணை தவறினால் சொத்து தானாக நம்மைக் காவாது. நாம்தான் அதனைக் காத்தல் வேண்டும்.

ஆதலின் அடுத்த பொதுக்கூட்டத்தில் மூன்று வினாக்களைக் கேளுங்கள். சங்கத்தின் சொத்துகள் எவர் பெயரில் உள்ளன? எவை ஈடு வைக்கப்பட்டுள்ளன? நல்ல ஆண்டின் இலாபத்திலிருந்து சேமநிதிக்கு எவ்வளவு சென்றது? விடைகள் ஐந்தொகையில் உள்ளன. வறட்சி வரும்வரை காத்திராமல், விளைச்சல் உள்ளபோதே அதைப் படியுங்கள்.