கடலில் ஒரு பாடம்

தாராவி மீன் கடையில் விரல் நீள வாவல் மலிவாகக் கிடைக்கிறது. மும்பையில் பாப்லெட் என்கிறோமே, அதுதான். வாங்கலாமா? கப்பலில் நடக்கும் பாடத்தைக் கேளுங்கள்.

இந்திய மீன்வள அளவை நிறுவனம் 1946-இல் மும்பையில் தொடங்கியது. அதன் கப்பல்கள் பலவற்றின் பெயர் 'மத்ஸ்ய' என்று தொடங்கும். மத்ஸ்ய என்றால் மீன். கடலில் என்ன மீன், எவ்வளவு உண்டு என்று அறிவதே இவற்றின் வேலை. பயிற்சி பெறுவோரும் இவற்றில் செல்வதுண்டு.

வலை மேலே வருகிறது. மீன்களை இனம் பிரிக்கிறார்கள். நீளம் அளக்கிறார்கள். எடை போடுகிறார்கள். வயிற்றை அறுத்துப் பார்க்கிறார்கள். மீன் எதைத் தின்றது? சினை உண்டா?

கடல்நீரில் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் மிதக்கின்றன. அவற்றைச் சிற்றுயிர்கள் தின்னும். சிற்றுயிர்களைச் சிறு மீன் தின்னும். சிறு மீனைப் பெரிய மீன் தின்னும். பெரிய மீன் நம் குழம்புக்கு வரும்.

நெத்திலி வளர்ந்தாலும் சிறிய மீன்தான். வாவல் அப்படி அல்ல. விரல் நீள வாவல் குஞ்சு. அதற்குச் சினை வைக்கும் வயது வரவில்லை. அதைப் பிடித்தால் நாளைய மீனும் போகும்.

2023-இல் மகாராஷ்டிர அரசு வெள்ளை வாவலை மாநில மீனாக அறிவித்தது. அதைக் காப்பது யார்? வலை வீசுபவர் மட்டுமா? வாங்கும் நாமும்தான்.

பேசுங்கள்: உங்கள் கடைக்கு எந்த மீன் குஞ்சுகள் வருகின்றன?