மூன்று வரிசை ஓய்வு, ஒரு வரிசை வேலை

முழு ஸ்வெட்டரே பின்னிவிடுகிறவர்கள்கூட லேஸ் சால் என்றதும் பின்வாங்குவார்கள். அவ்வளவு தயங்க அதில் ஒன்றுமில்லை. நிட், பர்ல் இரண்டும் கைக்குப் பழகியிருந்தால், புதிதாகக் கற்க வேண்டியவை இரண்டே. ஒன்று, நூலை ஊசிமேல் ஒரு சுற்றுச் சுற்றி ஓட்டை உண்டாக்குவது. அது ஒரு கண்ணியைக் கூட்டும். மற்றது, இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்னுவது. அது ஒன்றைக் குறைக்கும். கூட்டியதும் குறைத்ததும் சமமாக இருந்தால் கண்ணிகளின் எண்ணிக்கை மாறாது. லேஸின் கணக்கு முழுக்க இவ்வளவுதான்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் ஷெட்லாண்ட் தீவுகள் இந்தக் கலைக்குப் பேர்போனவை. அங்கே உன்ஸ்ட் என்ற தீவின் பெண்கள், கல்யாண மோதிரத்துக்குள் நுழைத்து மறுபக்கம் இழுத்துவிடும் அளவுக்கு மெல்லிய சால்களைப் பின்னினார்கள். அது நமக்கு இப்போது வேண்டாம். அதே தீவுகளிலிருந்து வந்த ‘ஓல்ட் ஷேல்’ என்ற அலை வடிவம் முதல் சாலுக்குப் போதும். நான்கு வரிசைகளில் முடிந்துவிடும் வடிவம் அது. அந்த நான்கில் மூன்று வரிசைகளுக்கு யோசனையே தேவையில்லை.

நான் போடுவது 78 கண்ணிகள். 18 கண்ணிகள் கொண்ட நான்கு கட்டங்கள், இரண்டு ஓரங்களிலும் மும்மூன்று கண்ணி. ஓரத்து மூன்றையும் எல்லா வரிசையிலும் நிட்டாகவே போட்டுவிட்டால் சால் சுருட்டிக்கொள்ளாது. முதல் வரிசை முழுக்க நிட். இரண்டாவது, ஓரங்கள் தவிர மற்றது பர்ல். மூன்றாவதுதான் வேலை: ஒவ்வொரு கட்டத்திலும் முதல் ஆறு கண்ணிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்றாக்க வேண்டும், அடுத்த ஆறில், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சுற்று, பிறகு ஒரு நிட், கடைசி ஆறை மறுபடி மூன்றாக்க வேண்டும். நான்காவது வரிசை பின்பக்கத்தில் வரும். அதுவும் முழுக்க நிட். முன்பக்கம் ஒரு மேடு போட்ட கோடாகத் தெரிவது அதனால்தான்.

அலை எங்கிருந்து வருகிறது? ஒரு கட்டத்தில் ஆறு கண்ணி குறைகிறது, ஆறு கூடுகிறது. ஆனால் இரண்டும் கலந்து வருவதில்லை. குறைப்பெல்லாம் கட்டத்தின் இரு முனைகளிலும் கூடி நின்று துணியை இறுக்குகிறது. ஓட்டைகளெல்லாம் நடுவில் கூடி நின்று துணியை விரிக்கின்றன. இழுபறியில் வரிசை நேராக நிற்க முடியாமல் வளைகிறது. இது புரிந்துவிட்டால் வடிவத்தை எழுதி வைத்த தாளைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியதில்லை. கீழே முடிந்த அலையைப் பார்த்தாலே, எந்த ஓட்டைக்கு நேர்மேலே அடுத்த ஓட்டை வர வேண்டும் என்பது தெரியும். லேஸ் பின்னுவதில் கைவேலையைவிடக் கண்வேலை அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் கண்வேலைக்குத் துணையாகக் கட்டங்களுக்கு நடுவே மார்க்கர் வளையம் மாட்டுங்கள். வேறு நிற நூலில் சின்ன முடிச்சு வளையம் போட்டாலும் சரிதான். நான்காவது வரிசை போகும்போது வளையத்துக்கு வளையம் 18 இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டே போகலாம். 17 இருந்தால் அநேகமாக ஒரு சுற்று விட்டுப்போயிருக்கும். பிரிக்க வேண்டாம். அந்த இடத்தில் இரண்டு கண்ணிகளுக்கு நடுவே கீழே ஓடும் நூலை ஊசியால் தூக்கி மாட்டினால் ஓட்டை வந்துவிடும். 19 இருந்து, அது கூடுதலாக விழுந்த சுற்றாக இருந்தால், ஊசியிலிருந்து நழுவ விடுங்கள். அந்தத் தளர்ச்சி பிறகு பரவி மறைந்துவிடும்.

சில அலைகளுக்கு ஒருமுறை லைஃப்லைன் போடுவது நல்லது. வழவழப்பான மெல்லிய பருத்தி நூலைத் தையல் ஊசியில் கோத்து, சாதாரண வரிசை முடிந்ததும் எல்லாக் கண்ணிகள் வழியாகவும் ஓட்டிவிடுங்கள், மார்க்கர் வளையங்களுக்குள் மட்டும் போகாமல். பின்னால் என்ன ஆனாலும் அந்த வரிசைக்குக் கீழே பிரியாது. அனுபவசாலிகள் இது தேவையில்லை என்பார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள்.

நூல் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர்க் கடைகளில் ‘வுல்’ என்று கேட்டால் கையில் கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக். ஸ்வெட்டருக்கு அது போதும். லேஸுக்கு அசல் கம்பளிதான் வேண்டும். ஒரு துண்டு நூலைக் கொளுத்திப் பாருங்கள். கம்பளியானால் முடி பொசுங்கும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாகும். 100 கிராமில் 400 மீட்டர் வரும் கம்பளி நூல் முதல் சாலுக்குப் பொருத்தம். இந்த நூலில் காலுறை பின்னுகிறவர்கள் இரண்டரை மில்லிமீட்டர் ஊசி எடுப்பார்கள். நான் எடுப்பது நாலரை. ஊசி பெரிதானால்தான் ஓட்டைகள் மூச்சுவிடும். வழுக்காத மூங்கில் ஊசி பழகுகிறவர்களுக்கு நல்லது.

கண்ணி ஏற்றும்போதும் முடிக்கும்போதும் கை தளர்வாக இருக்கட்டும். ஓரம் இறுகிவிட்டால் அலை விரியாது. அதற்குப் பிறகு வைத்தியமும் கிடையாது. முடிக்க நான் செய்வது: இரண்டு கண்ணிகளைப் பின்புறமாகச் சேர்த்துப் பின்னி, வந்த ஒன்றை இடது ஊசிக்கே திருப்பி மாட்டி, மறுபடி இரண்டைச் சேர்ப்பது. இதற்காகச் சாலின் அகலத்தைப் போல் நான்கு மடங்கு நூலை மிச்சம் வையுங்கள்.

ஊசியிலிருந்து இறங்கிய சால் பார்க்கச் சகிக்காது. குன்னூரில் எனக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்த பெரியம்மா பார்த்துவிட்டு, “என்னடி இது, கசங்கின கொசுவலை மாதிரி இருக்கு?” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. தண்ணீரில் நனைத்து இழுத்துக் கட்டாதவரை லேஸ் அப்படித்தான் இருக்கும். வெதுவெதுப்பான நீரில் துளி ஷாம்பூ விட்டு இருபது நிமிடம் ஊறப்போடுங்கள். முறுக்கிப் பிழியக் கூடாது. துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுக்க வேண்டும். குழந்தைகள் விளையாடும் ஃபோம் பாய்கள்மேல் விரித்து, அலையின் ஒவ்வொரு முனையையும் இழுத்துத் துருப்பிடிக்காத குண்டூசி குத்துங்கள். கொஞ்சம் தைரியமாகவே இழுக்கலாம், கம்பளி தாங்கும். நன்றாகக் காய்ந்த பிறகே ஊசியை எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறை துவைத்த பிறகும் இதே வேலை உண்டு.

அடுத்த சால் முக்கோணமாக இருக்கட்டும் என்று தோன்றினால் ஒரு எச்சரிக்கை. கழுத்தின் நடுவில் தொடங்கி விரியும் முக்கோணத்தில் வரிசை நீண்டுகொண்டே போகும். பாதி நூல் தீரும்போது உயரத்தில் கிட்டத்தட்ட 70 சதவீதம் வந்திருக்கும். மிச்சப் பாதி நூலையும் கடைசி 30 சதவீதம் தின்றுவிடும். சமையலறைத் தராசில் நூலுருண்டையை அடிக்கடி நிறுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.