காழும் வரியும்

அகத்தே காழ் உடையதை மரம் என்றும், புறத்தே காழ் உடையதைப் புல் என்றும் தொல்காப்பியர் வகுத்தார். அக்காழையே தச்சர் வைரம் என்பர். அதன்கண் வரிகள் எவ்வாறு ஓடுகின்றன என்பதைப் பட்டை காட்டுவதில்லை. அதனைத் தேடிக் காண்பவர் மரவை கடையும் கடைசற்காரர். மரவையாவது மரத்தாற் செய்த கலம்.

மாணவர்காள்! பூவரசின் இலையைச் சுருட்டி நீங்கள் ஊதியிருப்பீர்கள். அதன் மரத்தை அறுத்துக் கண்டவர் சிலரே. புறம் வெளிறியும், உட்காழ் கருஞ்சிவப்பாயும் இருக்கும். பசிபிக் பெருங்கடலிலுள்ள ஹவாய்த் தீவினர் இதனை மிலோ என வழங்கி, பண்டே உண்கலங்கள் செய்தனர். உணவில் தன் சுவையை ஏற்றாமை இம்மரத்தின் சிறப்பு.

ஒரு பூவரசந்துண்டு கடைசற்காரர் கைக்கு வந்ததாகக் கொள்வோம். அதனை நெடுக்காகப் பிளந்து நடுச்சோற்றை முதலில் நீக்குவார். வெடிப்பு அங்கிருந்தே புறப்படும். கிண்ணத்தின் வாய் பட்டைப் பக்கம் நோக்குமாறு கடைந்தால், அடியில் வரிகள் ஒன்றனுள் ஒன்றாக நீள்வட்டங்களாய் அமையும். வாயைத் திருப்பினால் கோலமும் மாறும். கிளை பிரியும் கவட்டில் எடுத்த துண்டாயின், இழைகள் பின்னி இறகுபோலத் தோன்றும்.

பொறியில் மரம் சுழலும்பொழுது வரிகள் கலந்து மங்கிவிடும். ஆதலின் அடிக்கடி நிறுத்திப் பார்த்தல் வேண்டும். இன்னும் ஒருமுறை உளியை ஓட்டினால் அழகு மிகுமே என்னும் ஆசை அப்பொழுது எழும். ஓட்டியபின், முன்பிருந்த கோலம் சீவலாய்க் காலடியிற் கிடக்கும்! எவ்விடத்து நிறுத்துவது என்பதை நூல் கற்பிக்காது. நூலையே கற்றுக் காலங்கழித்த யான் இதனை ஒப்புக்கொள்வதில் நாணமில்லை.

கண்டதைக் காப்பது அதனினும் அரிது. பச்சை மரம் உலருங்கால், வளர்ச்சி வளையங்களுக்குக் குறுக்கே சுருங்கும் அளவைப்போல் ஏறத்தாழ இருமடங்கு, அவ்வளையங்களை ஒட்டிய திசையிற் சுருங்கும். நீளவாக்கிலோ சுருக்கம் மிகச் சிறிது. வெடிப்பிற்கு இவ்வேறுபாடே காரணம். ஆகவே, 10 அங்குல வாயுள்ள கிண்ணத்தை 1 அங்குலக் கனத்துடன் அரைகுறையாகக் கடைந்து, இழைமுனைகளில் மெழுகு பூசி, நிழலிற் பல திங்கள் வைப்பர். கோணிய வட்டத்தைப் பின்னர் மீண்டும் பொறியிலேற்றிச் செப்பம் செய்வர். உளி கூரியதாக இருத்தல் வேண்டும்; மழுங்கிய உளி இழையை அறுக்காது, பிய்க்கும். விற்பனைக்கு விரைந்து வெயிலில் உலர்த்திய கிண்ணங்கள், விளிம்பு முதல் அடிவரை பிளந்து கிடக்கக் கண்டிருக்கிறேன்.

முடிவில், துணியில் எண்ணெய் தோய்த்துத் தேய்ப்பர். அதுகாறும் தூசு படிந்து வெளுத்திருந்த வரிகள், ஒவ்வொன்றாய்க் கருத்து எழும். கடைந்தவரும் தம் மரவையை முழுமையாகக் காண்பது அப்பொழுதே.