அலமாரிக்குள் ஓர் உலை

இராமாநுசர் அவதரித்த தலம் என்று நெடுங்காலம் அறியப்பட்டு வந்த ஸ்ரீபெரும்புதூர், இன்று உலைகளின் ஊராகவும் விளங்குகிறது என்றால் அது மிகையன்று. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998ஆம் ஆண்டு ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2000ஆம் ஆண்டு ஸ்ரீபெரும்புதூரில் செயிண்ட் கோபைன் நிறுவனத்தின் கண்ணாடி ஆலை எழுந்தது. ஒரகடத்தில் 2010இல் ரெனால்ட்-நிஸான் ஆலையும், 2012இல் பாரத்பென்ஸ் லாரி ஆலையும் இயங்கத் தொடங்கின. கார் செய்யும் ஆலை எதுவாயினும் அதற்குள் வண்ணப்பூச்சை உலர்த்தும் நீண்ட ஓவன் ஒன்று இருந்தே தீரும். மின்னாற்பூச்சு பெற்ற வண்டிக்கூடு, சுமார் 160 முதல் 180 டிகிரி செல்சியசு வெப்பத்தில் அதற்குள் ஊர்ந்து செல்கிறது.

இப்போது ஒரு வியப்பான செய்தி. அவ்வாலைகளைச் சுற்றி எழுந்துள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகள் சிலவற்றில், மாடுலர் கிச்சன் எனப்படும் அலமாரிச் சமையலறையில் பதித்து வைத்திருக்கும் சின்னஞ்சிறு ஓவன், 250 டிகிரி வரை சூடேறக் கூடியது. அதாவது, கேக்கு வேகும் பெட்டி, கார் வேகும் கூடத்தை விடச் சூடானது! ஆயினும் ஆலை ஓவனுக்குக் காவல் உண்டு. எரிவாயுவால் இயங்குவதாயின், பற்றவைக்கும் முன்னர் உள்ளிருக்கும் காற்றை விசிறி பலமுறை வெளியேற்றிய பின்னரே சுடர் எழும். பழுது பார்க்க ஒருவர் இறங்கினால், மின்விசையை நிறுத்திப் பூட்டுப் போட்டு, சாவியைத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் இறங்குவார். வீட்டு ஓவனுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அதனை முதலில் தொடுபவர் பெரும்பாலும் வீட்டுக்கு உடையவர்கூட அல்லர்; நம் ஊர்களிலிருந்து அங்கே சமையல் வேலைக்குச் செல்லும் அக்காமாரும் அத்தைமாருமே. உடன் வந்த கையேடோ ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டு, கட்டடம் கட்டியவரிடமே தங்கிவிடுகிறது. ஆகவே இதனைப் பற்றித் தமிழில் எழுதுதல் தேவையென்று தோன்றிற்று.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கில ஒலியை அப்படியே 'அவன்' என்று எழுதினால் சமையலறைக்குள் ஓர் ஆடவன் நுழைந்துவிடுகிறான். ஆதலின் இக்கட்டுரையில் 'ஓவன்' என்றே வழங்குகிறேன். ஈழத் தமிழர் ரொட்டி சுடும் உலையைப் 'போறணை' என்பர். போர்த்துக்கீசியர் விட்டுச் சென்ற சொல்லின் திரிபு அது. அவித்தலும் வேகவைத்தலும் பொரித்தலுமே பழகிய நம் அடுக்களைக்கு, நாற்புறமும் மூடிய சூட்டில் சுடுதல் புதிது. சொல்லே சரியாக அமையாத பொருளைக் கையாளும் பழக்கமும் நமக்கு இனிமேல்தான் அமைய வேண்டும்.

ஓவனின் உள்ளமைப்பு எளிது. மேலும் கீழும் வெப்பச் சுருள்கள். பின்சுவரில் ஒரு விசிறி. வெப்பநிலை குறித்த அளவை எட்டியதும் மின்சாரத்தைத் துண்டித்து, குறைந்ததும் மீண்டும் இணைக்கும் தெர்மோஸ்டாட். பாடத்தில் நாம் படிக்கும் கடத்தல், சலனம், கதிர்வீசல் ஆகிய மூன்றும் இச்சிறு பெட்டிக்குள் ஒருங்கே நிகழ்கின்றன. வெப்பம் வெளியேறாதபடி சுற்றிலும் கனிமப் பஞ்சு திணிக்கப்பட்டிருக்கும். வெப்பத்தைச் சிறைப்படுத்திச் சமைக்கும் இக்கலையை வளர்த்தவர்களுள் ஒருவர், 1912இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற சுவீடன் நாட்டுக் குஸ்தாவ் தாலேன். அதே ஆண்டு அசெட்டிலீன் வாயுச் சோதனை ஒன்றில் நேர்ந்த வெடிப்பால் பார்வையிழந்த அப்பெருமகனார், வீட்டிலிருந்தபடியே ஆராய்ந்து, 1922இல் 'ஆகா' என்னும் அடுப்பை உருவாக்கினார்.

எனினும் எந்தப் பஞ்சும் வெப்பத்தை முற்றிலும் தடுத்துவிடாது. மேசைமேல் வைக்கும் ஓவனாயின் கசியும் சூடு அறைக்குள் கலந்து போகும். பின்புறம் கருகினாலும் கண்ணுக்குத் தெரியும். பதித்த ஓவனுக்கோ நாம் காண்பது முகம் மட்டுமே. முதுகும் விலாவும் ஒட்டுப்பலகை அலமாரிக்குள் மறைந்துள்ளன. கவனிக்க வேண்டியவை யாவும் அந்தக் காணாத முதுகின் பக்கமே இருக்கின்றன என்பதுதான் இவ்வகை ஓவனின் தனித்தன்மை.

முதலாவது காற்று. கீழிருந்து குளிர்ந்த காற்று ஏறி, முதுகைத் தழுவி, மேலே வெளியேற வழி விடுதல் வேண்டும். இதற்காகவே ஓவன் அமரும் தட்டின் பின்பகுதியையும் அலமாரியின் பின்பலகையையும் வெட்டி விடுமாறு தயாரிப்பாளர்கள் வரைபடத்துடன் கூறுகின்றனர். கரப்பான்பூச்சி வரும், அழகு கெடும் என்று சொல்லித் தச்சர்கள் அதனை அடைத்துவிடுவதுண்டு. அடைத்தால் பலகை நாள்தோறும் சிறிது சிறிதாக வறண்டு கருகும். அவ்வாறு கருகிய மரம் புதிய மரத்தைவிட எளிதில் தீப்பற்றும். ஓவனை நிறுத்திய பின்னும் உள்ளே ஒரு விசிறி சிறிது நேரம் ஓடுவதைக் கேட்டிருப்பீர்கள். அது குளிர்விக்கும் விசிறி. மின்சாரம் வீணாகிறதே என்று சுவர் சுவிட்சை உடனே அணைப்பது சிக்கனமாகாது. விசிறி தானே நிற்கும்வரை விடுதல் வேண்டும்.

இரண்டாவது மின்னிணைப்பு. ஓவனின் திறன் 3000 வாட் எனக் கொள்வோம். மின்னழுத்தம் 230 வோல்ட். வகுத்தால் 13 ஆம்பியர். ஆகவே 6 ஆம்பியர் பிளக்கில் இதனை மாட்டலாகாது என்பது வெளிப்படை. 16 ஆம்பியர் பிளக்கிலும்கூட, தொடுமுனை தளர்ந்திருந்தால் என்ன நேரும்? தளர்ந்த இடத்தின் மின்தடை 0.2 ஓம் மட்டுமே என்று வைத்துக்கொள்வோம். மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கினால், 169 × 0.2, ஏறத்தாழ 34 வாட். வானொலிப் பெட்டி பழுது பார்ப்போர் ஈயம் உருக்கப் பயன்படுத்தும் சால்டரிங் கம்பி 25 வாட்தான்! அதைவிடச் சூடான ஒரு முனை, யாரும் காணாத இடத்தில், பிளாஸ்டிக்குக்குள் ஒருமணி நேரம் எரிந்துகொண்டிருக்கிறது. எனவே ஓவனுக்கென மெயின் போர்டிலிருந்து தனிக் கம்பி வரவேண்டும். மிக்சிக்கும் அதற்கும் சேர்த்து ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டி என்பது கூடவே கூடாது. அதனை நிறுத்தும் சுவிட்சும் ஓவனின் முதுகுக்குப் பின்னால் இல்லாமல், பக்கத்து அலமாரியிலோ சுவரிலோ கைக்கு எட்டுமிடத்தில் அமைதல் வேண்டும்.

மூன்றாவது ஈரம். இதுவே இக்கட்டுரையின் உயிர்நாடி என்பதால் சற்று விரிவாகக் கூறுகிறேன். நம் வீடுகளில் ஓவனைப் பயன்படுத்துவது அரிது; கிறிஸ்துமசுக்கு ஒருமுறை, பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஒருமுறை. இடையில் வடகிழக்குப் பருவமழை வந்து போகிறது. வெப்பச் சுருள் என்பது வெறும் கம்பியன்று. உலோகக் குழாயின் நடுவே நிக்ரோம் கம்பி. இரண்டிற்கும் இடையில் மக்னீசியம் ஆக்சைடு என்னும் வெண்பொடி. இப்பொடி வெப்பத்தைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. காற்றிலுள்ள ஈரத்தைக் குழாயின் முனை வழியே உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் ஏறினால் காப்பு குன்றி, சிறிதளவு மின்னோட்டம் குழாய்க்குக் கசியும். அக்கசிவு எர்த் கம்பி வழியே மண்ணுக்குச் செல்லும்.

போர்டிலுள்ள ஆர்.சி.சி.பி. என்னும் கருவி, செல்லும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே இருப்பது. வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டுமுன் அது விழுந்துவிடும். ஆகையால் மழைக்காலம் கழிந்து ஓவனைப் போட்டவுடன் வீடே இருளில் மூழ்குகிறது. அழைத்து வரப்பட்ட மின்பணியாளர் அவசரக்காரராயிருந்தால், பிளக்கைத் திறந்து எர்த் கம்பியை வெட்டி விடுகிறார். ஓவன் எரிகிறது; போர்டு விழவில்லை; வீட்டார் மகிழ்ந்து கூலி கொடுத்து அனுப்புகின்றனர்.

நண்பர்களே, இங்கு நிகழ்ந்தது என்ன என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பழுது நீங்கவில்லை. கசிந்த மின்சாரத்துக்கு மண்ணுக்குச் செல்லும் வழி அடைபட்டது, அவ்வளவே. வழியில்லாததால் வேறுபாடு எழவில்லை. வேறுபாடு எழாததால் கருவி விழவில்லை. ஓவனின் உலோக உடல் மட்டும் மின்னழுத்தத்தோடு காத்திருக்கிறது. வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று, கழுவிய கையால் அதன் கைப்பிடியைத் தொடும் பெண்மணியே இப்போது அந்த எர்த் கம்பி. அதன் பிறகு ஆர்.சி.சி.பி. விழலாம், பழைய வீடாயின் அக்கருவியே இல்லாமலும் போகலாம். போர்டு விழுவது ஓவனின் நோயன்று, நோயைச் சொல்லும் இருமல். இருமலை நிறுத்த வாயைப் பொத்துவார் உண்டோ?

செய்யத்தக்கது வேறு. பயிற்சி பெற்ற பணியாளர், மெகர் என்னும் கருவியால் சுருளின் காப்புத்தடையை அளந்து, ஈரமென்றால் உலர்த்துவார். பழுதென்றால் சுருளை மாற்றுவார். அந்நிலை வராதிருக்க, சமையல் இல்லாவிடினும் மாதம் ஒருமுறை, குறைந்த சூட்டில் அரைமணி நேரம் ஓவனை ஓட விடுவது நலம். ஆனால் ஓட விடுமுன் கதவைத் திறந்து உள்ளே பார்த்தல் இன்றியமையாதது. ஏனெனில் நம்மவர்க்கு ஓவன் என்பது பதினொரு மாதம் பாத்திர அலமாரி. தோசைக்கல், வாணலி, மீந்த பிளாஸ்டிக் டப்பாக்கள், சில வீடுகளில் மளிகைக் கடை ரசீதுகள் வரை அதற்குள் குடியிருக்கின்றன. எலி கம்பியைக் கடித்திருப்பதும் உண்டு.

இனிக் கதவுக் கண்ணாடி. ஸ்ரீபெரும்புதூர்க் கண்ணாடி ஆலையில் 1500 டிகிரிக்கு மேல் உருகிய குழம்பு, உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதந்து தகடாகிறது. அத்தகைய சாதாரணத் தகட்டை மீண்டும் 600 டிகிரிக்கு மேல் சூடேற்றி, இருபுறமும் காற்றைப் பீய்ச்சித் திடீரெனக் குளிர்வித்தால் உறுதியூட்டிய கண்ணாடி கிடைக்கிறது. புறப்பரப்பு முதலில் இறுகிவிட, உட்பகுதி பின்னர்ச் சுருங்க முயல்வதால், வெளிப்புறம் அழுத்தத்திலும் உட்புறம் இழுவிசையிலும் நிலைத்து நிற்கின்றன. இவ்விரு விசைகளின் சமநிலையே அதன் வலிமை. அடுப்புக்கரியைத் தேய்க்கும் எஃகு நாரால் அதனைத் தேய்த்தால் நுண்கீறல்கள் விழும். ஒரு கீறல் உட்புற இழுவிசையை எட்டினால் கண்ணாடி முழுவதும் நொடியில் சிறு துணுக்குகளாகச் சிதறும். சில வேளைகளில் அடிபட்ட அன்று ஒன்றும் நேராது. பின்னொரு நாள், சூடேறும்போது வெடிக்கும். வீட்டார் அதனைக் காரணமற்ற வெடிப்பென்றும் கண்ணேறென்றும் கூறுவர். சூடான கண்ணாடிமேல் ஈரத்துணி போடுவதும், திறந்த கதவின்மேல் கனத்த பாத்திரம் வைப்பதும் இதே காரணத்தால் தவிர்க்கத் தக்கவை.

எரிவாயு ஓவன்களும் உள்ளன. வீட்டு எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து அலமாரியின் அடித்தட்டில் தேங்கும். காற்றில் ஏறத்தாழ 2 விழுக்காடு கலந்தாலே பற்றும். எனவே ஓவனுக்குக் கீழே, கதவு சாத்திய அலமாரிக்குள் சிலிண்டரை நிறுத்துவது பெருந்தவறு. பற்றவைக்கும்போது ஓவன் கதவு திறந்திருக்க வேண்டும். முதல் முயற்சியில் பற்றாவிட்டால் வாயுவை மூடி, சில நிமிடம் காற்றாட விட்ட பின்னரே மறுமுயற்சி. வாடை வந்தால் சுவிட்சு எதையும் தொடாமல், சிலிண்டரை மூடிச் சன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906 என்னும் எண்ணை அழைக்கலாம்.

துப்புரவு பற்றி நீட்ட வேண்டியதில்லை. சுவர் சுவிட்சை அணைத்து, ஆறிய பின், வெந்நீரும் சோப்பும் மெல்லிய துணியும் போதும், சுருள்களை நனைக்கலாகாது. எண்ணெய் சிந்தாதிருக்கட்டும் என்று அடித்தளத்தில் அலுமினியத் தாள் விரிப்போர் பலர். அடிச்சுருள் அத்தளத்துக்குக் கீழேதான் ஒளிந்திருக்கிறது. தாள் அதன் வெப்பத்தை அங்கேயே தேக்கி எனாமலை வெடிக்கச் செய்யும். சில உயர்வகை ஓவன்கள் தம்மைத் தாமே 500 டிகிரி அளவுக்குச் சூடேற்றி அழுக்கைச் சாம்பலாக்குகின்றன. அப்போது தட்டுகளையும் ஒட்டாப்பூச்சுப் பாத்திரங்களையும் வெளியே எடுத்துவிட்டு, சன்னலைத் திறந்து வைத்து, குழந்தைகளை அப்பால் அனுப்புதல் வேண்டும். வீட்டில் கிளி வளர்த்தால் கூண்டையும் வேறறைக்கு மாற்றுக. ஒட்டாப்பூச்சு கருகும் புகை பறவைகளைக் கொல்ல வல்லது.

உள்ளே வைத்த பண்டம் தீப்பற்றினால் கை தானாகக் கதவை நோக்கிப் போகும். போகக் கூடாது. மூடிய பெட்டிக்குள் பிராணவாயு விரைவில் தீர்ந்து தீ தானே அடங்கும். திறந்தால் புதுக்காற்று புகுந்து சுடர் முகத்தில் பாயும். சுவர் சுவிட்சையோ மெயின் போர்டையோ அணைத்துவிட்டுக் காத்திருப்பதே வேலை. தண்ணீர் வேண்டா. அலமாரிப் பலகைக்குத் தீ பரவியதாயின், எல்லோரையும் வெளியேற்றி 101ஐ அழைக்க வேண்டும்.

கை சுட்டுவிட்டால் நம் வீடுகளில் முதலில் வருவது இட்லி மாவு, அடுத்தது பேனா மை, இப்போது பற்பசை. மூன்றும் வெப்பத்தைத் தோலுக்குள்ளேயே அடைத்து வைப்பவை. புண்ணில் கிருமி ஏறவும் இடந்தருபவை. குழாய் நீரை 20 நிமிடம் அளவாக ஓடவிட்டு அதில் கையைக் காட்டுதலே தக்கது. 20 நிமிடம் என்பது நீண்ட நேரம். நோவு தணிந்ததும் கையை எடுத்துவிடத் தோன்றும். மோதிரம், வளையல் இருந்தால் வீக்கம் வருமுன் கழற்றிவிட வேண்டும். பின்னர்த் தூய துணியால் தளர மூடலாம். கொப்புளம் பெரிதாயினும், சுட்டது குழந்தையாயினும், மின்சாரம் தாக்கியதாயினும் வீட்டு வைத்தியம் ஆகாது. 108 வண்டியை அழைத்து அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். கடுமையான தீப்புண்ணாயின் அங்கிருந்து, சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு போன்ற இடங்களுக்கு அனுப்பி வைப்பர்.