மசோதா வேறு, சட்டம் வேறு

விலங்கியல் படிக்கும் மாணவனுக்குச் சட்டசபையில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். 2024 ஜூலை வரையில் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியது என்னுடைய தவறு ஒன்று. அதை முதலில் சொல்லிவிட்டுப் பாடத்திற்கு வருகிறேன்.

அப்போது நான் பெங்களூரில் முதுகலை வகுப்பில் சேர்ந்த புதிது. விடுதியில் பக்கத்து அறையில் தருமபுரிப் பக்கத்து அண்ணன் ஒருவர் இருந்தார். படிப்பு முடித்து, இந்நகரிலேயே ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலைக்கு அழைப்பும் பெற்றிருந்தார். ஜூலை 16 இரவு கைப்பேசியில் ஒரு செய்தியைப் பார்த்துவிட்டு ஓடோடிச் சென்று, "அண்ணே, சட்டம் வந்துவிட்டது! இனி இங்கே வெளியூர்க்காரர்களுக்கு வேலை கிடையாதாம்" என்று சொன்னவன் நான்தான். ஊரிலிருந்து தந்தையாரும், "போதும், வந்துவிடு" என்றார். மறுநாள் காலையில் அண்ணன் வேலை வேண்டாமென்று எழுதிவிட்டார். அன்று மாலைக்குள் அந்த மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. ஆனால் எழுதியது எழுதியதுதான். அந்த இடம் வேறொருவருக்குப் போயிற்று.

நான் சொன்னதில் இருந்த பிழைகள் இரண்டு. "வேலை கிடையாது" என்றது ஒன்று. கர்நாடக மந்திரிசபை ஜூலை 15-ஆம் நாள் ஏற்ற மசோதா, தனியார் தொழில் நிலையங்களில் நிர்வாகப் பதவிகளில் 50 விழுக்காடும், மற்றப் பதவிகளில் 70 விழுக்காடும் உள்ளூராருக்கு என்றது. மீதி இடங்களை அது தொடவில்லை. இதைவிடப் பெரிய பிழை, "சட்டம்" என்ற சொல். மந்திரிசபை ஏற்றது ஒரு வரைவு. அது அவைக்குள் நுழையவே இல்லை.

ஆய்வுக்கூடத்தில் ஒரு பூச்சியைக் கொடுத்தால் நாம் முதலில் கேட்பது என்ன? எந்தப் பருவம் என்பதன்றோ? முட்டையா, புழுவா, கூட்டுப்புழுவா, பறக்கும் பூச்சியா? மசோதாவைப் பற்றிய செய்திக்கும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

முதற் பருவம் மந்திரிசபை. இரண்டாவது, அவையில் மசோதாவை முன்வைத்தல். அப்போதுதான் அதற்கு எண் கிடைக்கிறது. மூன்றாவது விவாதம். பொது நோக்கத்தைப் பேசியபின் ஒவ்வொரு பிரிவாக எடுத்துத் திருத்தங்களைப் பார்த்து, இறுதியில் முழு மசோதாவுக்கும் வாக்கெடுக்கிறார்கள். கர்நாடகத்தில் 224 உறுப்பினர் கொண்ட சட்டசபையோடு 75 உறுப்பினர் கொண்ட மேல்சபையும் உண்டு. சட்டசபை அனுப்பும் சாதாரண மசோதாவை மேல்சபை முதன்முறை மூன்று மாதமும், சட்டசபை மறுபடியும் நிறைவேற்றி அனுப்பினால் ஒரு மாதமும் தாமதப்படுத்தலாம். அதற்குமேல் தடுக்க இயலாது. நிதி மசோதாவுக்கோ 14 நாட்களே தவணை. கூட்டத்தொடர் முடிந்தால் மசோதா சாவதில்லை. ஆனால் சட்டசபை கலைக்கப்பட்டால், அங்கே நிலுவையில் இருப்பவையும், அங்கு நிறைவேறி மேல்சபையில் காத்திருப்பவையும் காலாவதியாகும்.

நான்காவது கவர்னர். அவர் ஒப்புதல் தரலாம், ஒப்புதலை நிறுத்திவைத்து மறு ஆய்வுக்குத் திருப்பலாம், குடியரசுத் தலைவருக்கென ஒதுக்கலாம். இப்பருவம் எவ்வளவு காலம் நீளலாம் என்பதே ஒரு வழக்காயிற்று. தமிழ்நாட்டுச் சட்டசபை 2023 நவம்பரில் மறுபடி நிறைவேற்றிய 10 மசோதாக்கள் ஒப்புதல் பெற்றனவாகவே கொள்ளப்படும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 8-ஆம் நாள் தீர்ப்பளித்தது. பின்னர் குடியரசுத் தலைவர் கேட்ட வினாக்களுக்கு விடை கூறிய ஐவர் அமர்வு, 2025 நவம்பர் 20-ஆம் நாள், நீதிமன்றம் காலக்கெடு விதிக்கவோ ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளவோ இயலாது என்றது. எனினும் கவர்னர் காலவரையின்றிக் கிடப்பில் போடுவதும் கூடாது என்றது.

ஒப்புதலுக்குப் பிறகு அரசிதழில் வெளிவர வேண்டும். அப்போதும் அது நடைமுறைக்கு வரும் நாள் வேறாக இருக்கலாம். அரியானாவின் கதை இதற்கு நல்ல சான்று. தனியார் வேலைகளில் 75 விழுக்காட்டை உள்ளூராருக்கு ஒதுக்கும் மசோதா 2020 நவம்பரில் அங்கே நிறைவேறியது. மாதச் சம்பளம் 50,000 ரூபாய் வரையுள்ள வேலைகள் என்றிருந்த வரம்பு, நடைமுறையில் 30,000 ஆகக் குறைந்தது. அமலுக்கு வந்தது 2022 ஜனவரி 15-ஆம் நாள். 2023 நவம்பர் 17-ஆம் நாள் பஞ்சாப்–அரியானா உயர் நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரணானது என்று தள்ளிவிட்டது. அவையில் நிறைவேறிய செய்தியை மட்டும் படித்துவிட்டு 2020-இலேயே மூட்டை கட்டியவன் எத்தனை அவசரக்காரன்!

மசோதாவைப் படிப்பதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் இறுதியில் உள்ள நோக்க–காரண அறிக்கையைப் பாருங்கள். அடுத்து, சொற்பொருள் விளக்கப் பிரிவு. யார் உள்ளூரார்? கர்நாடக வரைவின்படி, அம்மாநிலத்தில் பிறந்து, 15 ஆண்டு வாழ்ந்து, கன்னடம் பேசவும் படிக்கவும் எழுதவும் வல்லவர். மசோதாவின் உயிர் பெரும்பாலும் இப்பிரிவில்தான் இருக்கிறது. பிறகு அமலாகும் நாளைச் சொல்லும் பிரிவு, அதன்பின் தண்டனைப் பிரிவு. மசோதாவின் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, கூட்டம் நடக்கும் நாட்களில் சட்டசபையின் நிகழ்ச்சி நிரலை இணையத்தில் பாருங்கள். கால்மணி நேரம் போதும்.

இன்னொன்றும் சொல்வேன். இங்கே அவையின் பேச்சு பெரும்பாலும் கன்னடத்தில் நடக்கிறது. யாரும் கட்டாயப்படுத்துமுன்பே எழுத்துக்கூட்டிப் படிக்கவாவது கற்றுக்கொள்ளுங்கள். சோறிடும் ஊரின் மொழியை அறிவது நமக்கு இழுக்கன்று. நம்மைப் பற்றி அங்கே என்ன பேசுகிறார்கள் என்று அறிய வேறு நேர்வழியும் இல்லை.

அந்த அண்ணன் இப்போது ஓசூரில் பணிபுரிகிறார். என்னை ஒரு நாளும் கடிந்துகொண்டதில்லை. அதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஆகையால் நண்பர்களே, இனி யாரேனும் "சட்டம் வந்துவிட்டது" என்று உங்கள் அறைக்குள் ஓடிவந்தால், அவரை உட்காரவைத்து, "எந்தப் பருவம்?" என்று கேளுங்கள். அன்றிரவு அண்ணனோ நானோ கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.